ஒரே ஒரு தரையிறக்கம்

தொண்ணூறு நாள்களுக்குள் மூன்று முறை தரையிறக்காத விமானி, சிமுலேட்டரில் மறுபடி தேர்ச்சி பெறும்வரை பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. பயணங்களைப் பாதியாகக் குறைத்துவிட்ட நிறுவனம், இவ்வாண்டு யாரையும் அந்தத் தேர்வுக்கு அனுப்புவதில்லை என்று அறிவித்திருந்தது. தவறியவர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. அதிலிருந்து இதுவரை யாரும் திரும்ப அழைக்கப்படவில்லை.

கேப்டனுக்கும் துணை விமானியான பெண்ணுக்கும் தலா ஒரு தரையிறக்கம் குறைந்தது. இருவருக்கும் மறுநாளோடு கெடு முடிகிறது; அன்று போய்வரும் பயணத்தைத் தவிர அதற்குள் வேறு பயணமும் இல்லை. போகும்போது கேப்டன் இறக்குவார், வரும்போது அவள் இறக்குவாள் என்பது வழக்கம். ஆனால் புறப்படும் நேரத்தில் திரும்பும் பயணம் ரத்தாயிற்று. விமானத்தை அங்கேயே நிறுத்திவைக்கப் போகிறார்களாம்.

“போறது என்னுது, வர்றது உன்னுது. எப்பவும் அப்படித்தானேம்மா?” என்றார் கேப்டன், கருவிகளிலிருந்து கண்ணெடுக்காமல்.

“வர்றதுதான் இல்லையே, சார்.”

அவர் புறப்படும்முன் சரிபார்க்க வேண்டிய பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

மென்மையாக இறக்குவதால் அவருக்குப் ‘பஞ்சு’ என்று பட்டப்பெயர். அன்றும் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டதே தெரியவில்லை.

“பஞ்சுன்னு சும்மாவா சொல்றாங்க, சார்!” என்றாள் அவள். பயணப் பதிவேட்டில் தரையிறக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

மாலையில் வேறொரு விமானத்தில் இருவரும் பயணிகளாகத் திரும்பினர். ஜன்னலோர இருக்கை கேப்டனுக்குக் கிடைத்திருந்தது.

“இதுல நீ உக்காரும்மா” என்று அவர் எழுந்து வழிவிட்டார்.

அவள் மறுக்காமல் அமர்ந்து, ஜன்னலின் மூடியைக் கீழே இழுத்துவிட்டாள்.