மழையை எழுதியவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது என் தலையில் வந்து விழுந்தது. அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் பழைய வீட்டை விற்பதற்காகக் காலி செய்தபோது, கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில், ஆர்மின்டா என்ற விவசாயி மனைவி அவருக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. ரயில் கம்பெனி ஒன்றுக்காக, மேற்கே வந்து குடியேறச் சொல்லித் துண்டுப்பிரசுரம் எழுதியவர் அவர். கலப்பை போகும் இடத்துக்கு மழையும் பின்னாலேயே போகும் என்று அப்போது ஊரே பேசிக்கொண்டிருந்தது. தாத்தா அதை அழகாக எழுதினார். எழுத்து எனக்கு அவர் வழி வந்ததுதான்.

2

முதல் தொடக்கம்: "1886-ஆம் ஆண்டு வசந்தத்தில் லெமுவேலும் அவன் மனைவி ஆர்மின்டாவும் நெஞ்சுறுதியோடு மேற்கு நோக்கி..."

வேண்டாம். இதுவே துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம், நிலத்திலிருந்து. பிளாட் ஆறு தட்டையான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வண்டிகள் அதன் கரையோடு மேற்கே போயின. வண்டித்தடத்தை ஒட்டித் தண்டவாளம் வந்தது, அதை ஒட்டி ஜனம் வந்தது. நூறாவது தீர்க்கரேகை வரைக்கும் மழையை நம்பலாம். அதைத் தாண்டினால் வானம் கையை விரித்துவிடும். அந்தக் கோடு தரையில் தெரியாது. புல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். வண்டியிலிருந்து ஆர்மின்டா அதைக் கவனித்தாள். (கடிதத்தில் இது இல்லை. அவளுக்காவது தெரிந்திருக்கட்டும் என்று நான் சேர்த்தேன்.)

3

அரசாங்கச் சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்தால் நூற்றறுபது ஏக்கர் சொந்தம். முதல் இரண்டு வருஷம் தற்செயலாக நல்ல மழை. கோதுமை இடுப்பளவு நின்றது. எல்லாரும் கலப்பைக்கு நன்றி சொன்னார்கள். பிறகு வானம் பொய்த்தது. நாலாவது வருஷம் விதைத்தது முளைக்கவே இல்லை. நாம் போதுமான அளவு உழவில்லை, அதனால்தான் என்று தேவாலய வாசலில் பேச்சு கிளம்பியது. புல்லை விட்டு வைத்திருப்பவர்கள்தான் மழையைத் தடுக்கிறார்களாம். எல்லாரும் லெமுவேலின் உழாத வடக்குச் சரிவைப் பார்த்தார்கள். அவன் வீட்டின் ஒரே பசு மேய்வது அங்கேதான். அவனுடைய கைக்குழந்தை வளர்வது அந்தப் பசுவின் பாலில்.

லெமுவேலை முட்டாளாக எழுதிப் பார்த்தேன். எழுத வரவில்லை. அவன் விடியுமுன் எழுந்து உழைக்கிறவன், மனைவி மேல் ஆசை உள்ளவன்.

"அந்தச் சரிவை மட்டும் விட்டுடு, லெம். பசு எதைத் தின்னும்?"

"மழை வந்துட்டா பசு கழுத்தளவு புல்லுல நிக்கும்."

"வரலைன்னா?"

"அச்சுல போட்டிருக்கான், மின்டி. படிச்ச மனுஷன் பொய்யா எழுதுவான்?"

(கடைசி வரி நான் அவன் வாயில் போட்டது. போட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.)

4

இனி ஆர்மின்டா தாத்தாவுக்கு எழுதியது, என் மொழியில்.

"ஐயா, என் புருஷன் இந்த மாசக் கடைசியில மிச்சம் இருக்கற புல்லையும் உழப் போறாரு. நான் சொன்னா கேக்கல. நீங்க எழுதினதத்தான் பைபிள்ள வச்சிருக்காரு. உழாதேன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அதன் பின்பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து: "அன்புள்ள அம்மணி, தங்கள் கணவரிடம் அந்தச் சரிவை"

அவ்வளவுதான். வரி முடியவில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை. எழுதிக்கொண்டிருந்தவரை யாராவது சாப்பிடக் கூப்பிட்டார்களா, எழுதினால் வேலை போகும் என்று பயந்தாரா, எனக்குத் தெரியாது. பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்கு நல்ல வீடு இருந்தது.

5

முடிவு ஒன்று: "மேற்கே மேகம் கறுத்தது." ஒரே வாக்கியத்தில் பசு, குழந்தை, நிலம் மூன்றும் பிழைத்துவிடும். எழுதி, அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஆர்மின்டா குதிரைகளின் முன்னால் போய் நிற்கிறாள். லெமுவேல் கலப்பையை...

முடிவு மூன்று நிலப் பதிவேட்டில் இருக்கிறது. 1891-இல் அந்த நிலம் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஐந்தாவது வருஷம் முடியுமுன் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். எத்தனை பேராகக் கிளம்பினார்கள் என்று அதில் இல்லை. தேவாலயத்துக் கல்லறைப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு முறை அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அதனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் லெமுவேல் நம்பிவிடுவான்.