கால் ஆஃப் செய்த சனிக்கிழமை

13 ஜூன் 2025, வெள்ளி

இன்று ஒரு சிறிய பிழை செய்தேன். சிறியது என்று எழுதிவிட்டேன்; பத்துப் பேரின் பயணத்தைக் கெடுத்தது சிறியதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

புதன்கிழமை மாலை ஆங்கில வகுப்பில் சத்தியசீலன் சார் பலகையில் ‘கால் ஆஃப்’ என்று எழுதினார். நான் முந்தைய வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்ததால் அவர் சொன்ன பொருள் காதில் விழவில்லை. கேட்கக் கூச்சம். எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் ஆஃப் என்றால் விடுப்பு. கால் என்றால் போன். ஆகவே போன் போட்டு விடுப்பு எடுப்பது என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் சரிக்குறியும் போட்டேன்.

நாளை கடலோரத்தில் இருக்கும் கோத்தா கோலா மூடாவுக்குப் போய் எல்லாரும் மீன் சாப்பிடுவதாக ஏற்பாடு. எங்கள் லைன் பிரேமாவதி அக்கா ஞாயிறன்று ஜொகூருக்கே குடிபோகிறார். அங்கே கூட்டிப்போகச் சொல்லி எட்டு வருடமாகக் கேட்கிறார். ஷிஃப்ட் ஒத்துவந்ததே இல்லை. நாளை விட்டால் வேறு நாள் கிடையாது.

காலையில் எனக்கு விடுப்பு கிடைத்ததும் வாட்சாப் குழுவில் பெருமையாகப் போட்டேன்: ‘சாட்டர்டே ட்ரிப், ஐ கால் ஆஃப் ஆல்ரெடி.’ பிறகு போனை லாக்கரில் வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால், ‘பரவால்லமா’ என்று அக்காவின் ஒரே சொல். ஒன்றும் புரியாமல் வேன்கார இருளப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“எந்த ட்ரிப்பு? நீதானே கேன்சல்னு போட்ட? குரூனுக்குப் பரிசம் போடப் போறவங்களுக்கு வேன குடுத்துட்டேன்லா.”

“ஐயோ அண்ணே, லீவு எடுத்துட்டேன்னு சொன்னேன்!”

“அப்ப லீவுன்னு போடு. நீ கிளாஸுக்குப் போறியா, கிளாஸ உடைக்கப் போறியா?”

“பரிசம் எப்பண்ணே முடியும்?”

“சாப்பிட்டு ரெண்டு மணிக்கு எறக்கி விட்டுருவேன்.”

“மூணு மணிக்கு நம்ம ஊரு திகாம் பத்துவுக்கு வந்துருங்கண்ணே. அக்காவுக்காக.”

“வர்றேன். ஆனா இங்கிலீஷ்ல மெசேஜ் வந்துச்சுன்னா, வண்டி நகராது!”

குழுவில் தமிழில் எழுதினேன்: ‘பயணம் உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பதில் மதியம் மூன்று மணி.’ நான்கு முறை படித்த பிறகே அனுப்பினேன். அக்காவின் பதில் உடனே வந்தது: ‘அடியே ரூபினி, நீ கால் ஆஃப் ஆகாம வந்து சேரு.’

நோட்டில் அந்தச் சரிக்குறியை அடித்துவிட்டு, ‘கால் ஆஃப்: ரத்து செய்வது’ என்று எழுதினேன்.

நாளைய வேலை: காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மூன்று மணி என்று வாயால் சொல்ல வேண்டும். முதலில் பிரேமாவதி அக்காவுக்கு.