இன்னாசித்தம்பி கட்டின பாட்டு

றோஸ் தகப்பன் வீட்டை விட்டு வந்தது ஒரு பாட்டுக்காகத்தான். சிரிப்பு வருகிறதா? வரட்டும். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சிங்கள ஊரான குருணாகலில் தேத்தண்ணிக் கடை ஒன்றில் வேலை பார்த்த இன்னாசித்தம்பி, தமிழரை அடித்துத் துரத்தின ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்கினார். வள்ளமில்லை, வலையில்லை, யாராவது கூப்பிட்டால் கூலிக்குக் கடலுக்குப் போவார். அப்போது றோசுக்குப் பதினெட்டு வயது. இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரனான குருசுமுத்துவுக்கு அவளைப் பேசி, நாள் பார்ப்பதுதான் மிச்சம் என்ற நிலை. அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் கரையில் குந்தியிருந்து கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டே பாடினார்:

"வெள்ளைப் பூப் போலே றோஸம்மா – என்
வீட்டுக்கு வெளிச்சம் றோஸம்மா."

றோஸ் நல்ல கறுப்பு. சொந்தக்காரர் வீட்டுக் கலியாணப் படங்களில் பின்வரிசையில் நிறுத்தப்படுகிற கறுப்பு. அவளைப் பார்த்து ஒருவர் வெள்ளைப் பூ என்கிறார்! கேலி பண்ணுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். மனிதரின் முகத்தில் கேலி இல்லை. இது யார் கட்டின பாட்டென்று கேட்டாள்.

"நான்தான் கட்டினனான். உமக்காகத்தான்" என்றார் இன்னாசித்தம்பி.

போதாதா? அடுத்த தை மாதம் கலியாணம். அவளுடைய அப்பு அன்றைக்கு மூடின வாயைச் சாகும்வரை அவளுக்காகத் திறக்கவில்லை. பிரேதத்தையாவது பார்ப்போம் என்று போனவளை அண்ணன்மார் படலை வாசலில் வைத்தே மறித்துவிட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் றோஸ் அந்தப் பாட்டைத்தான் வாய்க்குள் முணுமுணுத்தாள். தான் விட்டுவந்த எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் அவளிடம் பதிலாக இருந்தது.

பிறகு பாட்டுக்கு யோகம் அடித்தது. முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று இன்னாசித்தம்பி பாடியதைக் கேட்ட அப்போதைய பங்குச்சுவாமி, றோஸம்மா வருகிற இடத்தில் அந்தோனியாரை வைத்து, "ஏழைக்குத் துணையே அந்தோனி" என்று திருநாளுக்குப் பாட வைத்தார். குறிச்சி முழுவதும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆனி பதின்மூன்றாந் தேதி, பூசை முடிவில், பெண்கள் பக்கம் நின்று றோஸ் எடுத்துக் கொடுப்பாள். முழுக் கோயிலும் சேர்ந்து பாடும். கூலிக்குப் போன இன்னாசித்தம்பி 'பாட்டுக்கார இன்னாசி' ஆனார். அந்தப் பெயரோடு போன இடமெல்லாம் இருக்கக் கதிரை வந்தது, கோயில் மூப்பர் கூட்டத்தில் இடம் வந்தது. அதற்குப் பிறகு அவர் இன்னொரு பாட்டும் கட்டவில்லை. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை, றோஸ் உட்பட.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில் பக்கத்து வீட்டு அந்தோனியம்மாவின் மகன் சவூதியிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்தான். பனங்குற்றி ஒன்றை நட்டு, அதன் உச்சியில் அன்ரெனாவைக் கட்டி, கார் பற்றறியில் பெட்டியைக் கொளுவினார்கள். பொழுது பட்டால் குறிச்சியில் பாதி அந்தோனியம்மாவின் முற்றத்தில். திரையில் முக்கால்வாசி புள்ளிதான். அதற்கே வாய் பிளந்து இருந்தார்கள்.

மூன்றாம் நாள் விளம்பரம் ஒன்று வந்தது. சிங்களத்தில். கிணற்றடியில் ஒரு பெண் வெள்ளைச் சட்டையை உதறுகிறாள், பின்னால் பாட்டு. முதல் அடியிலேயே றோஸ் எழும்பிவிட்டாள். அவளுடைய பாட்டு! அதே ஏற்றம், அதே இறக்கம், றோஸம்மா வருகிற இடத்தில் இன்னாசித்தம்பி இழுக்கிற அதே இழுப்பு. ஆனால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு பெயர்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் புருசனிடம் சொன்னாள். வேறு ஏதாவது மெட்டாயிருக்கும் என்றார். அடுத்த நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இருத்தினாள். விளம்பரம் வந்தது, போனது. இன்னாசித்தம்பி தலையைக் குனிந்து பீடியைத் தேடினார். ஒரு மாதிரி ஒத்துத்தான் போகிறது, விடும் றோஸ் என்றார். பாவம், பெரிய இடத்தோடு மோதப் பயப்படுகிறார் என்று றோஸ் நினைத்துக்கொண்டாள். அவர் பயந்தால் என்ன, அவளுக்குப் பயமில்லை.

பாட்டு எப்படி அங்கே போயிருக்கும்? யோசித்து யோசித்து ஒருவனைப் பிடித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் திருநாளுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கசற் றேடியோவுமாக ஒருவன் வந்து நின்றான். அவனேதான்! அவன்தான் பதிந்துகொண்டு போய் விற்றிருக்கிறான். தோரணம் கட்டியவன், சர்பத் கரைத்தவன் என்று கண்டவரையெல்லாம் நிறுத்தி அவனைப் பற்றி விசாரித்தாள். கொழும்பென்றார் ஒருவர், சிலாபமென்றார் இன்னொருவர். அந்த அப்பாவி யாரோ, எவரோ. குறிச்சியில் அவனுக்குக் கள்ளன் என்று பெயர் விழுந்துவிட்டது.

விளம்பரத்துப் பெயரைப் பிடிக்க நாலு நாள் செவியைத் தீட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் இருந்தாள். சுதுமல். துணி தோய்க்கிற சவர்க்காரத்தின் பெயர். ஊர்காவற்றுறைக் கடைகளில் அப்படி ஒரு சாமான் இல்லை. புங்குடுதீவுத் தியாகலிங்கம், இந்தக் குறிச்சியில் கருவாடு எடுத்துக் குருணாகலில் விற்கிறவர், அடுத்த நடையில் ஒரு கட்டி கொண்டுவந்து கொடுத்தார். உறையில் கொழும்பு விலாசம் இருந்தது.

இப்போதைய சுவாமி இன்னாசித்தம்பியின் பெயரில் இங்கிலீசில் மனு எழுதினார். இந்த மெட்டு 1958ஆம் ஆண்டு என்னால் கட்டப்பட்டது, எங்கள் பாதுகாவலரின் திருநாட்பாட்டைச் சவர்க்காரம் விற்கப் பாவிப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று. குறிச்சியில் நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். குருசுமுத்து கூடப் போட்டார், பெரிய மனது அவருக்கு. எல்லாருக்கும் மேலே இன்னாசித்தம்பி போட வேண்டும். பேனையை வாங்கி, கனநேரம் கடதாசியைப் பார்த்துவிட்டுப் போட்டார். பக்கத்தில் நின்ற றோசுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மனுவைக் கொண்டுபோன தியாகலிங்கம் ஆனி பதினோராந் தேதிதான் திரும்பி வந்தார். நேரே சுவாமியிடம் போகாமல், றோஸ் தனியாகக் கருவாடு காயப்போடுகிற இடத்துக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி.

"தங்கச்சி, இதைச் சபையிலை வைச்சுச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை" என்று தொடங்கினார்.

கொழும்பில் சவர்க்காரக் கம்பனியின் கந்தோரில் ஒரு பழைய கிளாக்கர் மனுவை வாசித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாராம். அலுமாரியைத் திறந்து ஒரு பழைய பேப்பரைக் காட்டினாராம். ஐம்பத்தாறாம் ஆண்டுப் பேப்பர். பாட்டின் சொல்லெல்லாம் அதில் அச்சடித்திருந்தது. ஐம்பத்தாறிலும் ஐம்பத்தேழிலும் றேடியோவில் சிங்களப் பக்கம் காலையும் மாலையும் போன விளம்பரம். குருணாகல் கடைகளில் கேட்காத செவி இல்லை. இப்போது தொலைக்காட்சி வந்ததும் பழைய பாட்டையே தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் மறக்காமல் பாடுகிறார்களே என்று கிளாக்கர் சந்தோசப்பட்டு, ஒரு டசின் சவர்க்காரத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டிருந்தார்.

 தியாகலிங்கம் போன பிறகும் றோஸ் அந்தப் பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். இன்னாசித்தம்பியும் குருணாகலில்தானே இருந்தார், அங்கேதானே றேடியோ பாடியது என்று இப்போதுதான் உறைத்தது.

அன்று பின்னேரம் குசினிக்குள் புருசனை இருத்தி, பெட்டியை முன்னால் வைத்தாள். கத்தவில்லை. அந்தக் கடையில் கேட்டபடியே பாடிக் காட்டுங்கோ என்றாள். முதலில் மாட்டேன் என்றார். பிறகு பாடினார். "சுது மலக் வாகே சுதுமல்..." ஐயோ, என்ன பாட்டு! ஒரு சொல் பிசகவில்லை. றோசுக்கு இரண்டு அடியோடு நின்ற பாட்டு, சிங்களத்தில் எட்டு அடி போனது. பாடப் பாட மனிதரின் முகம் இளந்தாரி முகமாக மாறியது. அவளுக்காகப் பாடியபோது ஒருநாளும் அப்படி அனுபவித்துப் பாடியதில்லை. மூன்று தரம் பாடச் சொல்லிக் கேட்டாள். கருத்தையும் சொல்லச் சொன்னாள்.

"வெள்ளைப் பூப் போலை, சுதுமல். சட்டையெண்டாலும் சாரமெண்டாலும் வெள்ளைப் பூப் போலை" என்றார் மெதுவாக.

அப்போ அந்த வெள்ளைப் பூவும் சட்டைக்குத்தான். கறுத்தப் பெண்ணைக் கண்டு ஒரு மனிதருக்கு மனதில் வந்த சொல்லென்று இருபத்துமூன்று வருஷம் பொத்தி வைத்திருந்தாளே, அதுவும் சவர்க்கார உறையில் இருந்து வந்தது. அப்புவின் மூடின வாயும் அண்ணன்மார் மறித்த படலையும் ஒன்றாக அவளுடைய நெஞ்சில் ஏறி இருந்தன.

"மனுவிலை கையெழுத்துப் போடேக்கை என்ன நினைச்சனீங்கள்?"

"நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர், றோஸ். என்னாலை போடாமல் இருக்க ஏலாமல் போச்சு."

 றோஸ் கடைசியில் ஒன்று சொன்னாள். "திருநாள் பூசைக்கு முன்னம் சுவாமியிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. சொன்னால் நான் உங்களோடை நிப்பன். ஊர் சிரிச்சால் ரெண்டு பேருமாச் சேர்ந்து சிரிப்பு வாங்குவம்."

"ஓம், சொல்லுறன்" என்றார் இன்னாசித்தம்பி.

அந்த வருஷம் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அனலைதீவிலிருந்தும் வள்ளம் வள்ளமாகச் சனம். இன்னாசித்தம்பி விடியவே வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போனார். பீடத்துக்குப் பின்னால் உள்ள சங்கீர்த்தி அறையில் சுவாமியோடு அவர் கதைத்துக்கொண்டு நிற்பதை றோஸ் தூரத்தில் இருந்து கண்டாள். அப்பாடா, மனிதர் சொல்லிவிட்டார் என்று நெஞ்சு கொஞ்சம் இளகியது. வீட்டுக்குப் போனதும் அந்த மனிதருக்கு ஒரு நல்ல மீன் குழம்பு வைக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

பூசை முடிந்தது. சுவாமி சனத்தைப் பார்த்துத் திரும்பினார். எங்கள் பாட்டைக் களவெடுத்தவர்களுக்கு மனுப் போட்டிருக்கிறோம், மறுமொழி இன்னும் வரவில்லை, ஆனால் பாட்டு யாருடையதென்று அந்தோனியாருக்குத் தெரியும் என்றார். அதைக் கட்டினவரைக் கனம் பண்ணுவது எங்கள் கடமை என்று சொல்லி இன்னாசித்தம்பியை முன்னுக்குக் கூப்பிட்டார். குருசுமுத்து மாலை போட்டார். இன்னாசித்தம்பி கழுத்தை நீட்டினார். நீட்டிவிட்டு, கைகளைக் கூப்பி, நல்ல அடக்கமாகத் தலையையும் குனிந்தார்.

றோஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பத்தெட்டில் செய்தது இளந்தாரியின் களவு, அதைக்கூட மன்னித்திருப்பாள். இது முந்தாநாள் கொடுத்த வாக்கு.

பாட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஆர்மோனியக்காரர் கண்ணைக் காட்டினார். றோஸ் எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தோனியார் கோபிக்க மாட்டார், இவ்வளவு காலமும் இந்த மெட்டைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். குரல் நடுங்காமல் எடுத்தாள்.

"சுது மலக் வாகே சுதுமல்..."

பெண்கள் பக்கம் பாட்டு தடக்கி நின்றது. என்ன பாடுகிறாள் என்று மூப்பர்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் முன்னுக்கு நிலத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும். நாலு மாதமாக அந்தோனியம்மாவின் முற்றத்தில் கேட்கிற பாட்டல்லவா? முதலில் ஒன்றிரண்டு, பிறகு அத்தனை பிள்ளைகளும் குதூகலமாகச் சேர்ந்து பாடின. சுதுமல் வருகிற இடத்தில் கூரை அதிர்ந்தது. ஆனால் தொலைக்காட்சியில் வந்தது இரண்டு அடிதான். மூன்றாம் அடியில் பிள்ளைகள் நின்றுவிட, றோஸ் தனியே பாடிக்கொண்டு போனாள். தொலைக்காட்சியில் வராத அடி இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சனம் யோசிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தலையாக முன்பக்கம் திரும்பியது.

மாலையோடு நின்ற இன்னாசித்தம்பி கண்களை இறுக மூடியிருந்தார். ஆனாலும் றோஸ் பாடப் பாட, ஐந்தாம் அடிக்கும் ஆறாம் அடிக்கும் எட்டாம் அடிக்கும், ஒரு சொல்லும் பிசகாமல், அவருடைய உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. முழுக் கோயிலும் அதைப் பார்த்தது.