லேபிள் ஒட்டாத பாட்டில்

என் அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கடையில் விற்கிற கிளீனரெல்லாம் விஷம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தவள், அந்த வாரமே வீட்டிலிருந்த டப்பாக்களை மூட்டை கட்டி வெளியேற்றினாள். அதற்கப்புறம் எலுமிச்சைத் தோலை வினிகரில் ஊறப்போடுவதும், இரண்டு வாரம் கழித்து வடிகட்டுவதும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பாட்டிலில் ஊற்றுவதுமே அவளுக்கு வேலையாகிவிட்டது. ஜன்னல், குழாய், கதவுக் கைப்பிடி, குளியலறை டைல்ஸ் எல்லாவற்றுக்கும் அதுதான். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மட்டும் சோடா உப்பு. "பளிங்குக் கல்லு மேல மட்டும் ஊத்திடாதடி, அரிச்சுடும்" என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், என்னவோ நான் மாடியில் அரண்மனை கட்டிக் குடியிருப்பது மாதிரி.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸ் துடைக்க என்று அங்கேயும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். முதலாளி மோந்து பார்த்துவிட்டு, "ஊறுகாய் வியாபாரம் எப்போ ஆரம்பிச்ச?" என்று கேட்டார்.

எல்லாமே பழைய ஜூஸ் பாட்டில்கள். ஒன்றிலும் பெயர் கிடையாது. எழுதி ஒட்டு என்றால், "மோந்து பாத்தா தெரியாதா? மூக்கு எதுக்கு இருக்கு?" என்பாள். வாக்குவாதத்தில் அவளை ஜெயித்தவர் யாரும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மாமா முயற்சி செய்ததே இல்லை. மாமா என்றால் அக்காவின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அக்கா அவருக்குச் சர்க்கரையையும் உப்பையும் ருசியையும் சேர்த்தே நிறுத்திவிட்டாள். எதை நீட்டினாலும் மனுஷன் வாங்கிக் குடிப்பார். "நல்லா இருக்கா?" என்றால் "நல்லா இருக்கு." கல்யாணமான நாள் முதலாக இந்த ஒரே பதில்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தெரு தையல்காரம்மா மதியம் வருவதாக இருந்தது. அக்காவின் பேச்சைக் கேட்டுப் பாதி மனம் மாறியிருந்தவர் அவர். மீதிப் பாதி மாற, தன் அடுப்புத் தட்டில் ஏறிப்போன எண்ணெய்ப் பிசுக்கை அக்காவின் தண்ணீர் எடுக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். நானும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தேன்.

அடுக்களை மேஜையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருந்தன. பக்கத்தில் மாமா காலி டம்ளரோடு நின்றிருந்தார். இரண்டு நாளாகச் சளி, மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. வெயிலில் வேனைக் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"என்ன மாமா குடிச்சீங்க?"

"உங்கக்கா எலுமிச்சைத் தண்ணி வச்சிருந்தா. அதான்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மாவும் அக்காவும் உள்ளே வந்தார்கள். "அக்கா, உன் மருந்த மாமா குடிச்சுட்டாரு. விடு, உள்ளயும் கொஞ்சம் பளபளன்னு ஆகட்டும்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. பாட்டில்களைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், முகம் வெளிறிப் போனது.

"கிளம்புங்க. டாக்டர்கிட்ட போலாம்."

"எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"கிளம்புங்கன்னு சொல்றேன்ல!"

நாலு வீடு தள்ளித்தான் கிளினிக். மாமாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். பின்னாலேயே தையல்காரம்மா அடுப்புத் தட்டும் கையுமாக ஓடி வந்தார். வெறும் வினிகருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "அதுல என்னென்ன கலந்திருக்கு?" என்று கேட்டார்.

"எலுமிச்சைத் தோல், வினிகர், தண்ணி" என்றாள் அக்கா.

"வேற?"

அக்கா தையல்காரம்மாவைப் பார்த்தாள். "வேற ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள், மாமா தொண்டையைத் தடவிக்கொள்வதைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"கிளீனர் டாக்டர். எண்ணெய்ப் பிசுக்கு போகறதுக்குக் கடைல விக்கிறாங்களே, அது."

வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். அவளா? தெரு முழுக்க விஷம் விஷம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளா?

"வெறும் வினிகருக்குப் பிசுக்கு போகவே இல்ல டாக்டர். என் அடுப்புல தேய்ச்சு தேய்ச்சுப் பாத்தேன். இவங்க முன்னாடி மானம் போயிடுமேன்னு ஒரு பாட்டில்ல மட்டும் ஊத்தி வச்சேன்."

"இவர் குடிச்சது அந்த பாட்டிலா?"

"தெரியலையே! ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. எதுல ஊத்தினேன்னு ஞாபகம் வரமாட்டேங்குதே!"

மாமா பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முகத்தில் இருந்த புன்னகை போய்விட்டது. "வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்த ரெண்டு பாட்டிலையும் கிளீனர் டப்பாவையும் உடனே கொண்டு வாங்க" என்றார்.

"பழைய துணிப் பைக்குப் பின்னாடி இருக்கு" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் நான் தெருவில் இருந்தேன். எப்படிப் போனேன், எப்படி வந்தேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்கா தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்பது மட்டும் மனதில் ஓடியது. நானும் மன்னித்திருக்க மாட்டேன்.

ஒரு பாட்டில் அப்படியே இருந்தது, இன்னொன்றில் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது. டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். "இது நுரைக்கிற வகையா?"

"ஒரு சொட்டு பட்டாலே பொங்கும் டாக்டர்" என்றாள் அக்கா.

"ரெண்டையும் குலுக்குங்க."

மாமா குடித்த பாட்டிலை முதலில் எடுத்தேன். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுக்கினேன். நாலைந்து குமிழ்கள் மேலே வந்து உடனே உடைந்தன, அவ்வளவுதான். அடுத்ததைக் குலுக்கினேன். நுரை பொங்கி மூடியைத் தொட்டது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் இரண்டையும் மோந்து பார்த்தார். மாமாவின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வைத்தார். "வெறும் வினிகர் தண்ணிதான். இன்னிக்கு லேசா நெஞ்செரியும், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

தையல்காரம்மாவுக்கு அவர் கவலை. "அப்ப இந்தத் தட்டுக்கு?"

"பிசுக்குக்கு என்னுது ஆகாதுங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மத்ததுக்கெல்லாம் போதும்."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் இதைத் தூக்கிட்டு ஊர்வலம் வந்திருக்க மாட்டேன்ல?"

கிளம்பும்போது டாக்டர் மாமாவிடம் கேட்டார். "சளி, வாசனை தெரியல, சரி. வாயில வச்சதும் தெரியலையா?"

"தெரிஞ்சுது. கேவலமா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு முழுசாக் குடிச்சீங்க?"

மாமா தயங்கினார். "வீட்டுல எப்பவுமே ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் டாக்டர்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர் திரும்பி நின்று சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தெருவுக்கு வந்ததும் மாமாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லணும். புரியுதா?"

"நெஜமாவா?"

"நெஜமா."

"கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேங்க. உயிரோட இருந்து குறை சொல்லுங்க, எனக்கு அது போதும்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"டீ."

"டீக்கு என்ன?"

"நல்லா இல்ல."

"சரி. வேற?"

"அந்தப் பச்சை சூப்பு."

"அதுவுமா?"

"அது ரொம்ப மோசம். அப்புறம் காலைல ஒரு கூழு மாதிரி தர்றியே, அதுல எனக்கு ரெண்டு மூணு இருக்கு சொல்றதுக்கு..."

வீட்டு வாசலுக்கு வந்தபோதும் அவர் காலைச் சாப்பாட்டைத் தாண்டியிருக்கவில்லை. அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கதவைத் திறந்தாள்.

"உள்ள வந்து சொல்லுங்க" என்றாள்.