இரண்டேகால் மணிக்கு மாறிய இதயம்

இராயபுரத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் இதயத் துடிப்புகளை அலசுவது என் வேலை. பயோமெடிக்கல் எஞ்சினியர் என்று பெயர். அம்மா அக்கம்பக்கத்தில் ‘டாக்டர் மாதிரி’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். என் மரியாதை முழுக்க அந்த ‘மாதிரி’யில்தான் தொங்குகிறது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இக்னேஷியஸ் அண்ணனுக்கு மருத்துவத் தகுதிச் சான்று தேவைப்பட்டது. கிடைக்காவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர் நெஞ்சில் ஹோல்டர் ஒட்டி அனுப்பினோம். இருபத்து நான்கு மணி நேரத் துடிப்பையும் பதிவு செய்கிற டப்பா அது. எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று எழுத ஒரு தாளும் உண்டு.

மறுநாள் வந்த பதிவைப் பழைய சாஃப்ட்வேர் பார்த்தது. சராசரி எழுபத்தாறு, குறையில்லை என்றது. சராசரிக்கு எல்லாரும் நல்லவர்கள்தான். நான் எழுதிய சாஃப்ட்வேர் பதிவைத் துண்டு துண்டாக்கி, எந்த நேரத்தில் எது மாறுகிறது என்று பார்க்கும். அது வேறு கதை சொன்னது. மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, காலை எட்டுக்கு ஒரு தடவை, இதயம் நான்கு நொடி நின்றுவிட்டு ஓடியிருக்கிறது. போதாததற்கு, மதியம் இரண்டேகாலுக்கு ஆறு நிமிடம் வெறும் கோடு. அதற்கப்புறம் துடிப்பின் உருவமே வேறு.

இப்படி நிற்கிற இதயத்தை வைத்துக்கொண்டு கிரேன் ஏற முடியாது. சான்று எழுதும் டாக்டர் ஜெயஸ்ரீ, தகுதியில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார். ஒரு நாள் பொறுங்கள், என் சாஃப்ட்வேரில்தான் பிழை இருக்கும் என்றேன். என்னை எனக்குத் தெரியாதா.

நாள் முழுக்கத் தேடியும் பிழை இல்லை. இந்த மாதிரி அதிர்ச்சி எனக்குப் பழக்கமில்லை. அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டேகாலுக்குப் பிறகு நான்கு தடவை, சில நிமிடங்களுக்கு, அலை ஒரே ஒழுங்கில் ஏறி இறங்கியிருந்தது. ஆள் நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் வருமே, அந்த மாதிரி. நேரங்களைக் குறித்துப் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் இக்னேஷியஸ் அண்ணன் நான்கு வேளை தொழுதிருக்கிறார்.

வரச் சொன்னேன். கூடவே அவர் தோஸ்து லியாகத் அலியும் வந்தார். காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர், கதவை அடைக்கிற மார்பு.

“டப்பாவ யாருக்கு மாட்டினீங்கண்ணே?” என்றேன்.

இக்னேஷியஸ் தரையைப் பார்த்தார். “ஏணி ஏறசொல்ல நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது மேடம். அது பதிஞ்சா வேல பூடும். இவன் கல்லு மாரி கீறான். அதான் இவனுக்கு மாட்டிவுட்டேன்.”

நின்று நின்று ஓடுவது அந்தக் கல்தான் என்றேன். லியாகத் பாய் சிரித்தார். அப்பப்போ தலை சுற்றுமாம், அது மணலி ஆலைப் புகைக் காற்றாம். அச்சடித்த தாளை விரித்து, அவர் விரலை ஒவ்வொரு துடிப்பாக நகர்த்தினேன். வெறும் கோடு வந்ததும் நொடிகளை எண்ணச் சொன்னேன். நான்கு எண்ணி அடுத்த துடிப்புக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஐஸ் மெஷினாண்ட நின்னுகினு இருக்கசொல்ல வந்திருந்தா இன்னாடா ஆவறது?” என்றார் இக்னேஷியஸ்.

“நீ திருட்டுத்தனம் பண்ணலன்னா தெரிஞ்சே இருக்காது மாமு.”

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் லியாகத் பாய்க்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அன்றைக்கே இக்னேஷியஸ் அண்ணனுக்கு மறுபடி ஹோல்டர் ஒட்டினோம், யாருக்கும் மாட்டிவிட மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு.

இந்த முறை ஒரே இதயம், ஒரே உருவம், எங்கும் நிற்கவில்லை. ஏணியில் நூற்றுப் பத்து. நான் எங்கள் வீட்டு மாடி ஏறினாலே அதைத் தாண்டும். ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. பகல் பதினொன்றரையிலிருந்து நாற்பது நிமிடம் நூற்று முப்பதில் ஓடியிருந்தது. லியாகத் பாய் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்த நேரம் அது. தாளில் அதற்கு நேராக இக்னேஷியஸ் அண்ணன் ‘டீ குடித்தேன்’ என்று எழுதியிருந்தார்.

டாக்டர் அந்த இடத்தில் பேனாவை வைத்து என்னைப் பார்த்தார்.

டீ கொஞ்சம் சூடாக இருந்திருக்கும் என்றேன்.

அவர் நேரத்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் கிரேன் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.