முதல் கட்டத்தில் ஒரு கோடு

பந்து மேலேதான் நிற்கிறது, கடலைப் பார்த்துப் போன பந்து, பாதி வழியில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் தயங்கி, அந்தரத்தில் சுழன்றுகொண்டு நிற்கிறது, கீழே மூலைக்கொடியின் பக்கத்தில் உதைத்த காலை இன்னும் தரையில் ஊன்றாமல் என் மகள் எழிலி நிற்கிறாள், அவள் முதுகில் வெள்ளை எழுத்தில் என் பெயர், ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் இடம் போதாமல் அக்குள் வரை இறங்கி முடிகிற பதினான்கு ஆங்கில எழுத்துகள், அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதவேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டுப் பட்டது போதும், பந்து நிற்கிறது, எழுபத்தெட்டாவது நிமிடம், மாலை நான்கரை வெயில், எதிரணியான பெரிய தீவின் பெண்கள் பதினொருவரும் பந்து கடலுக்குப் போய்விட்டது என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள், அப்போதுதான் காற்று வந்தது, பந்து திரும்பிற்று, யாரும் தொடாமல், கோல்காரியின் கைக்கு மேலே, தூர மூலையில், உள்ளே, தீவின் ஒரே வானொலியில் வர்ணனையாளன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான், மூன்று முறை கத்தினான், மூன்று முறையும் வேறு வேறு விதமாகத் தப்பாகக் கத்தினான், ஐம்பத்து நான்கு வயதில் ஒரு தேசம் என் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது, நான் வெட்கமில்லாமல் கையை ஆட்டினேன்.

தேசம் என்றால் பதினைந்தாயிரம் பேர், எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் கொடைக்கு இதைவிடக் கூட்டம் வரும், பள்ளிக்கூடம் ஒன்று, அதில் கணக்கு வாத்தியார் ஒன்று, அது நான், தபால் வண்டி ஒன்று, அதை ஓட்டுகிறவள் வெர்லீன், காலையில் கடிதம் கொடுப்பாள், மாலையில் அதே மஞ்சள் வண்டியில் பந்துகளை ஏற்றிக்கொண்டு வந்து பெண்கள் தேசிய அணிக்குப் பயிற்சி கொடுப்பாள், அவள் பேசுவது தீவின் இங்கிலீஷ்தான், ஆனால் பதினைந்து வருஷமாக என் காதில் அது திருநெல்வேலித் தமிழாகவே விழுகிறது, இழுப்பு அப்படி, ஏளா, கோலப் பாக்காத, கடலப் பாத்து அடி, காத்து கொண்டாந்து தரும், தபாலாபீஸ் கொடி தொங்குற வரைக்கும் பந்தத் தொடாத, கொடி தொங்குச்சுன்னா அடுத்தாப்ல பெரிய காத்து வருதுன்னு அர்த்தம், என்று அவள் சொல்லச் சொல்ல எழிலி ஆறு மாதம் கடலைப் பார்த்தே அடித்தாள், நாற்பது பந்துகள் கடலோடு போயின, நாற்பத்தொன்றாவது திரும்பி வந்தது, அதைத்தான் பெரிய தீவுக்காரர்கள் காற்றுப் போட்ட கோல் என்று எழுதினார்கள், எழுதட்டும், முப்பது லட்சம் பேர் உள்ள தீவுக்கு ஒரு காற்றைப் பிடித்து வைக்கத் தெரியவில்லையென்றால் அதற்கு நாங்கள் என்ன செய்வது, போன தடவை இதே அணி எங்களைப் பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தது, அதற்கு முந்திய தடவை பதினான்கு, ஆகவே பதினொன்று என்பது திட்டமிட்ட முன்னேற்றம் என்று எங்கள் கால்பந்துச் சங்கத் தலைவர் கத்பர்ட் அறிக்கை விட்டார், உச்சி வெயிலிலும் கோட்டைக் கழற்றாத கத்பர்ட், கோட்டுப் பையில் எங்கள் தீவில் இல்லாத ஒரு பறவையின் சின்னம், அந்த மனுஷன் வாயைத் திறந்தால் விமானம் தாமதமாகும், நிஜமாகவே தாமதமாயிற்று, ஒரு தடவை அணி வெளித்தீவுக்குக் கிளம்பியபோது இவருடைய வழியனுப்பு உரை முடியவில்லை என்று விமானி காத்திருந்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம், வட்டாரப் போட்டியில் எங்கள் பெண்களின் முதல் வெற்றி, முதல் கோலும் அதுவே, மறுநாள் ரொட்டிக்கடையில் எனக்கு வரிசையில் முதலிடம் கொடுத்தார்கள், மூன்றாவது நாள் போட்டியை நடத்துகிற வட்டாரக் கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது, வெர்லீனே கொண்டுவந்து கொடுத்தாள், இதுல என்னமோ ஒங்க பேரு போட்டுருக்கு சார்வாள், ஒங்க மக பேரக் காணோம், என்றாள், பிரித்தேன், பதிவுப் பட்டியலில் இல்லாத ஒருவர் ஆட்டத்தில் கலந்துகொண்டார் என்று எதிரணி புகார் கொடுத்திருக்கிறது, ஆட்டத்தாளில் உள்ள அந்தப் பெயர் பதிவுப் படிவத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, தந்தை என்ற கட்டத்தில், பாலினம் ஆண், வயது ஐம்பத்து நான்கு, அதாவது பெண்கள் போட்டியில் எழுபத்தெட்டாவது நிமிடத்தில் மூலையிலிருந்து நேராகக் கோல் போட்டவன் நான், மீசை வைத்த நான், முழங்கால் வலிக்கு இரண்டு வேளை தைலம் தேய்க்கிற நான், விசாரணைக்கு நேரில் வரவேண்டும், வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்.

இதற்குக் காரணம் ஒரு கோடு, அரை அங்குலக் கோடு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான் போட்ட கோடு, சார்வாள், ஒங்க கையெழுத்து முத்து முத்தால்லா இருக்கு, பதினெட்டு புள்ளைக பாரமும் நீங்களே எழுதித் தந்துருங்க, என்று வெர்லீன் பதிவுப் படிவக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள், பதினேழை எழுதினேன், முதல் கட்டம் குடும்பப் பெயர், பதினேழு பேருக்கும் கம்பீரமான குடும்பப் பெயர்கள், எழிலியின் படிவத்துக்கு வந்ததும் என் பேனா நின்றது, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது வெர்லீன், என்றேன், என்ன சார்வாள், நாய்க்குட்டிக்குக்கூட உண்டே, என்று சிரித்தாள், சிரிப்பு எனக்குச் சுர்ரென்று ஏறியது, என் அப்பா பள்ளிச் சான்றிதழில் இருந்த சாதி வாலைத் தன் கையாலேயே வெட்டி எறிந்தவர், அதற்காகச் சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர், எங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து ஒன்று நிற்கும், பின்னால் ஒன்றும் தொங்காது, என்று சொன்னேன், அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள், எங்களுக்குப் பின்னால தொங்குறதெல்லாம் எங்க பாட்டன் பூட்டன வெலைக்கு வாங்குனவன் பேரு, கழத்தவும் முடியல, போட்டுக்கிடவும் பிடிக்கல, நீங்க கோட்டப் போடுங்க சார்வாள், நல்லா அழுத்திப் போடுங்க, என்றாள், போட்டேன், பேனா முனை காகிதத்தைக் கீறும்படி போட்டேன், இரண்டாவது கட்டத்தில் எழிலி, தந்தை என்ற கட்டத்தில் நான், எழுந்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன், ஒரு பேரரசையே எதிர்த்துவிட்டு வந்தவன்போல.

எழிலியின் கடவுச்சீட்டில் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன், தீவின் குடியுரிமை வாங்கியபோது அந்த அலுவலகத்துக் கணினி கோட்டை ஏற்காது என்று சொல்லி அங்கிருந்த பெண் முதல் கட்டத்தில் என் பெயரைத் தட்டிவிட்டாள், அதைப் பார்த்துத்தான் ஆட்டத்தாள் எழுதப்படுகிறது, அதில் குடும்பப் பெயருக்கு மட்டும்தான் இடம், அதைப் பார்த்துத்தான் சட்டைமுதுகில் பெயர் ஒட்டப்படுகிறது, எனவே பட்டியலில் எழிலி, ஆட்டத்தாளில் நான், ஆனால் எனக்கு இன்றுவரை அடங்காத எரிச்சல் இதுதான், இதே படிவத்தின்மேல் ஆடிய அந்தப் பதினோரு கோல் ஆட்டத்திலும் தாளில் இதே பெயர்தான் இருந்தது, அந்தப் பதினான்கிலும் இதே பெயர்தான், அப்போது எந்த மகாராஜனும் பூதக்கண்ணாடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, தோற்கிறவரைக்கும் நாங்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்குச் சம்மதம், ஜெயித்த மறுநாள்தான் யாரப்பா நீ என்கிறார்கள், என் மனைவி செண்பகம், தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸ், கடிதத்தைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள், கோடா போட்டிய, கோடு, ஒங்க அகராதியக் காட்ட அந்தப் புள்ளையோட பாரந்தானா கெடச்சுது, என்றாள், நான் கொள்கை என்று ஆரம்பித்தேன், கொள்கையெல்லாம் ஒங்க பாரத்துல காட்டுங்க, என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள், எழிலி, பத்தொன்பது வயது, வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய மண்ணை ஒரு குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள், அப்பா, நான் போட்ட கோல் என்கிட்ட இருக்குமா, இருக்காதா, அத மட்டும் சொல்லுங்க, என்றாள், இருக்கும், நான் இருக்கேன்ல, என்றேன்.

விசாரணை பெரிய தீவில் ஒரு ஹோட்டல் கூடத்தில், காலை பதினோரு மணி, எங்கள் தரப்புக்குப் பத்து நிமிடம், கோட்டு அணியாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று வெர்லீனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அவள் தபால்காரிச் சீருடையில் வந்திருந்தாள், அவளிடம் இருந்ததிலேயே நல்ல உடை அது, நான் கத்பர்ட்டின் இரண்டாவது கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறேன், எழிலி மேலும் ஓர் இரவல் கோட்டு, இல்லாத பறவை என் நெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறது, மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், நடுவில் விசாரணைக் குழுத் தலைவர், வெள்ளைத் தாடி, தூங்குகிறாரா கேட்கிறாரா என்று சொல்ல முடியாத கண், கத்பர்ட் எழுந்தார், இந்த மாபெரும் வட்டாரக் குடும்பத்தின் மிகச் சிறிய ஆனால் மிகப் பிரகாசமான விளக்காகிய எங்கள் தீவு, என்று தொடங்கினார், விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா கைப்பேசியில் நேரத்தைப் பார்த்து ஆறு நிமிடம் ஆயிற்று என்றான், கத்பர்ட் நன்றி சொல்ல ஆரம்பித்ததே அப்போதுதான், ஒருவழியாக உட்கார்ந்தார், தலைவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், அன்று விளையாடியது நீங்களா என்று கேட்டார், யாரும் சிரிக்கவில்லை, அந்தக் கூடத்தில் சிரிக்க அனுமதி வாங்கவேண்டும்போல, இல்லை ஐயா, என்றேன், அவர் தலையைத் திருப்பினார், எழிலியைப் பார்த்தார், அந்த ஒரு கணம் அவர் முகம் மனுஷ முகமாக இருந்தது, இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த முகம் தெரிகிறது, அந்த மூலையிலிருந்து அடித்தது நீயா, என்று கேட்டார், எழிலி எழுந்தாள், வாயைத் திறந்தாள், நான் அவள் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தேன், நான், இந்தக் கை, ஐயா, அதற்கு விடை சொல்லும் முன் எங்கள் பெயரிடும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள், என்றேன்.

சில வார்த்தைகள், முதலெழுத்து, அப்பா வெட்டிய வால், பந்தியில் எழுப்பிய கதை, மேற்கத்திய நாடுகளின் கட்டங்கள், மனிதனைக் கட்டத்துக்குள் அடைக்கிற நாகரிகம், ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஒவ்வொரு சொல்லுக்கும் நான் இன்றும் பொறுப்பு, பேசப்பேச என் குரல் எனக்கே பிடித்துப்போயிற்று, கையை உயர்த்தினேன், உயர்த்திய கையில் கோட்டு இழுத்தது, நெஞ்சில் பறவை சிறகு விரித்தது, நேரம் முடிந்தது என்றான் குமாஸ்தா, தலைவரின் கண் மறுபடி மூடிக்கொண்டது, எழிலி மேசையில் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள், வெளியே வந்ததும் வெர்லீன் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள், படியில் இறங்கும்போது எழிலி என்னைப் பார்க்காமல் சொன்னாள், அப்பா, அவர் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ஆமா, நான்தான்னு சொல்ல எனக்கு ஒரு செகண்டு போதும்.

தீர்ப்பு வந்தது, எங்கள் கோல் செல்லாது, ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தது அவர்கள், சம்பந்தப்பட்ட வீரர் பெண்கள் கால்பந்து விளையாட ஓராண்டு தடை, சம்பந்தப்பட்ட வீரர் நான், மேல்முறையீட்டைச் சம்பந்தப்பட்ட வீரர் மட்டுமே செய்யலாம், ஆனால் தடைசெய்யப்பட்டவர் எதையும் செய்ய இயலாது, மூளையுள்ள எவனாவது இதை எழுதிவிட்டு மத்தியானம் சோறு தின்றிருப்பானா, தின்றிருக்கிறான், கோட்டைப் போட்டுக்கொண்டே தின்றிருக்கிறான், கத்பர்ட் மட்டும் மனம் தளரவில்லை, பதினான்கு, பதினொன்று, இப்போது மூன்று, முன்னேற்றம் தொடர்கிறது என்று அறிக்கை விட்டார், நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன், கணக்கு வாத்தியாருக்குக் கணக்குதான் வந்தது, அவர் தின்றது ஏழு நிமிடம், நான் தின்றது மூன்று, ஆனால் அவள் வாயைத் திறந்த நிமிடத்தைத் தின்றது நான்தான், கனவில் அந்த மூலையில் நானே நிற்கிறேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து அடிக்கிறேன், பந்து மேலே போய் நின்றுவிடுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது, ஆவணப்படி அது எந்தக் கோலுக்குள்ளும் விழவில்லை அல்லவா, அதனால் நிற்கிறது, கீழே ஐந்து கோட்டுகள் அண்ணாந்து பார்த்து அதன் குடும்பப் பெயரைக் கேட்கின்றன, நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன், விடியும்வரை விளக்குகிறேன்.

அடுத்த வருஷம் வெர்லீன் படிவக் கட்டைக் கொண்டுவந்தபோது என் பக்கம் நீட்டவில்லை, எழிலியிடம் கொடுத்தாள், அதற்கு முன்பே பிள்ளை தனியாகப் போய்க் கடவுச்சீட்டையும் மாற்றி வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது, நான் தினசரி படிக்கிறவன்போல ஓரக்கண்ணால் பார்க்கிறேன், முதல் கட்டம், குடும்பப் பெயர், எழிலி என்று எழுதினாள், இரண்டாவது கட்டம், பெயர், எழிலி என்று எழுதினாள், கோடும் இல்லை, நானும் இல்லை, இப்ப கம்ப்யூட்டரும் சண்டை போடாது, நீங்களும் சண்டை போடாதிய, என்று பேனாவை மூடினாள், மறுபடி மாலை நான்கரை வெயில், மறுபடி பெரிய தீவு, பூஜ்யத்துக்குப் பூஜ்யம், அதே மூலை, தபாலாபீஸ் கொடி தொங்குகிறது, அவள் முதுகில் ஆறே எழுத்து, இரு தோளுக்கும் நடுவில் தாராளமாக, அடித்தாள், கடலைப் பார்த்து, வானொலிக்காரன் எஸ்ஹிலி என்கிறான், எசிலி என்கிறான், ழகரத்தை அவன் நாக்கு படுத்துகிற பாட்டுக்குப் போய் நாலு வார்த்தை சொல்லித்தரலாம் என்று எனக்குக் காலெல்லாம் பரபரக்கிறது, பந்து மேலே நிற்கிறது, கோலுக்குப் பின்னால் என் பக்கத்தில் நிற்கிற பெரிய தீவுக்காரர் ஒருவர், கோட்டுப் போட்டவர், யார் அடித்தது அது என்று என்னைக் கேட்கிறார், எனக்கு விடை தெரியும், அதன் வரலாறும் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், கேள்வி மைதானத்துக்குள் போகட்டும், அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறது, காற்று வருகிறது, பந்து இறங்குகிறது.