அரை அங்குலக் குழல்

1977 ஆகஸ்ட், இலங்கை மலைநாடு. நடந்ததை வரிசை பிசகாமல் எழுதினால் என் பிழை எங்கே என்று தெரியும் என நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்தில் நம் ஆட்களின் லய வீடுகளை ஒரு சிங்களக் கும்பல் எரித்தது. எங்கள் லயத்துக்கு ஒரே வழி, ரோட்டிலிருந்து ஏறும் கற்படி. அக்கா தெரேசாவுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள். தையல் ஆறவில்லை, ஓட முடியாது. அவளைத் தேயிலைக்குள் தூக்கிப்போக ஐந்து நிமிடம் வேண்டும். அட்டன் நகரத்து மாலை வகுப்பில் ரேடியோ திருத்தப் பழகும் நான் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் செய்யப் போனேன்.

படியின் ஒரு பக்கம் கார் பேட்டரியில் எரியும் சின்ன பல்பு, சிவப்புக் கடதாசி சுற்றியது. எதிரே சவர்க்காரப் பெட்டிக்குள் வெளிச்சத்தை உணரும் கண். நடுவே ஆள் வந்தால் வெளிச்சம் அறுந்து, லயத்தை ஒட்டி, பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராச் சுவரில் மணி அடிக்கும். மூடுபனி மெல்ல மறைத்தால் அடிக்காதிருக்க ஒரு கண்டென்சரும் வைத்தேன். வேறு வெளிச்சம் நுழையாதிருக்கக் கண்ணுக்கு முன்னால் நான்கு அங்குலக் கறுப்புக் குழல் வேண்டுமென்று வகுப்புக் குறிப்பில் இருந்தது. அதையும் பொருத்தினேன். பெட்டி கல்லிடுக்கில் அடங்கவில்லை.

அக்காவின் புருஷன் டக்ளஸ் சிரித்தார். "என்னடா லியனார்டு, பீரங்கி கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கு? வர்றவன் இதப் புடிச்சுத்தான் படி ஏறுவான்!"

"சும்மா இருங்க, மச்சான்."

உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்: "தம்பி, மணி அடிச்சா நீ மொதல்ல புள்ளையத் தூக்கு. என்னைய அவரு சொமப்பாரு."

வெட்கமாக இருந்தது. குழலை அரை அங்குலமாக அறுத்தேன். பெட்டி கல்லுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. இருட்டியதும் மச்சானை ஒன்பது தடவை நடக்கவைத்தேன். ஒன்பது தடவையும் அடித்தது. அந்தப் படி எங்கள் காலுக்குத் தெரியும். யாரும் விளக்குக் கொண்டு ஏறுவதில்லை.

திங்கட்கிழமை இருட்டும் நேரம் தகரக்கூரையில் கல் விழுந்தது. மணி அடிக்கவில்லை. கதவைத் திறந்தேன். முப்பது பேர் இருக்கும், எல்லார் கையிலும் தீப்பந்தம். பல்பை அவர்கள் உடம்பு மறைத்த நேரமெல்லாம் பந்தத்தின் வெளிச்சம் அந்தக் குட்டைக் குழல் வழியே கண்ணில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

"புள்ளையத் தூக்குடா!" மச்சான் கத்தினார்.

தூக்கினேன். மச்சான் அக்காவை முதுகில் ஏற்றி வாசலைத் தாண்டினார். ஒருவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அவர் தோளில் இறக்கினான். கத்தி எலும்பில் சிக்கியது. இருவரும் விழுந்தார்கள். இன்னொருவன் அக்காவின் அடிவயிற்றில் மிதித்தான், இரண்டு தடவை. பிள்ளையை இடக்கையில் இடுக்கிக்கொண்டு, வாசலில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்து அவன் வாயில் அடித்தேன். விழுந்தான். விழுந்தபின்னும் அடித்தேன். அது தேவையில்லை. அடித்தேன்.

மற்றவர்கள் பின்வாங்கிய அந்த நொடியில் அக்காவைத் தேயிலைக்குள் இழுத்துப் போனோம். பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அக்காவின் இரத்தம் என் முழங்கால்வரை சூடாக வந்தது. பிறகு அது ஆறிப்போனது.

கும்பல் போய்த் தீ அடங்கியபின், அக்காவின் உடலை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, முனகும் பிள்ளையை என் நெஞ்சில் கட்டிக்கொண்டு, மச்சான் நல்ல கையால் ஒரு முனையைப் பிடிக்க, விளக்கில்லாமல் படியிறங்கினோம். பாதியில், எரியாமல் மிஞ்சிய பிள்ளைக்காம்பராவில் மணி அடித்தது.

"நிப்பாட்டுடா அத" என்றார் மச்சான்.

பலகையை இறக்கிவைத்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கினேன். அறுத்தெடுத்த மூன்றரை அங்குலத் துண்டு என் சட்டைப்பையில் கிடந்தது.